பிரிக்காமல் கொண்டுவந்த கட்டில்

வாங்க தம்பி, கட்டில் பாக்கத்தானே வந்தீங்க? நெட்டுல விளம்பரம் பாத்துட்டு மத்தியானத்துக்கு மேல ஒருத்தர் வருவாருன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க. செருப்பு அங்கயே கிடக்கட்டும், இந்தத் தெருவுல யாரும் எடுக்க மாட்டாங்க. உள்ள வாங்க.

இதுதான் கட்டில். இரும்புக் கட்டில், ஆறேகால் அடிக்கு மூணு அடி. விளம்பரத்துல ஆறுக்கு மூணுன்னா போட்டிருக்கு? தப்பு. நேத்துதான் டேப் வச்சு அளந்தேன். போர்வையும் தலகாணியும் என்னுது, அதை எடுத்துர்றேன். ஆமா, நான்தான் இதுல படுத்திருக்கேன். அதனால என்ன, நீங்க உக்காந்து பாருங்க. சத்தம் வருதா? வராது. எல்லா நட்டையும் நானே முடுக்கி வச்சிருக்கேன்.

விலை எனக்குத் தெரியாது. அமலதாஸ் வந்து பேசுவான். அஞ்சரைக்கு வந்துருவான், அதுவரைக்கும் ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. அமலதாஸ்ங்கிறது இந்த வீட்டுக்காரன், என் மக புருஷன். மாப்பிள்ளைன்னு சொல்லலாம், நான் சொல்றதில்ல. அது ஒரு கொள்கை.

நான் இங்க விருந்தாளி. நாளைக்குப் போயிருவேன். பதினோரு நாளா நாளைக்குத்தான் போறேன். நான்தான் மககிட்ட சொன்னேன், நான் கெளம்பினதும் இந்தக் கட்டில் சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்கும், வித்துருன்னு. முதல் நாளும் சொன்னேன், மூணாம் நாளும் சொன்னேன், தினம் ஒரு தடவை சொன்னேன். முந்தாநாள் விளம்பரம் போட்டுட்டா. சொன்ன பேச்சைக் கேக்குற பொண்ணுதான். ஒரே ஒரு விஷயத்துலதான் கேக்கல.

பழைய சாமான் வாங்குறது உங்களுக்கு இதுதான் முதல் தடவையா? நினைச்சேன். வந்ததும் கட்டிலைப் பாத்தீங்க பாருங்க, அப்படிப் பாக்கக்கூடாது. வேண்டாத சாமானை முதல்ல பாக்கணும். அதோட குறையைச் சொல்லணும். போற போக்குல, இது என்னன்னு கேக்குற மாதிரி வேண்டியதுகிட்ட வரணும். அலமாரின்னா டிராயரை இழுத்து மோந்து பாக்கணும். பாச்சை உருண்டை வாசம் வந்தா நல்ல வீட்டுச் சாமான். மண்ணெண்ணெய் வாசம் வந்தா கரையான் இருந்திருக்கு, ஊத்தி இருக்காங்க. மேல பாலிஷ் போட்டு ஏமாத்திருவாங்க, அதனால கீழ குனிஞ்சு அடிப்பக்கத்தைப் பாக்கணும். அடிப்பக்கம் பொய் சொல்லாது. மூணு வருஷமா மாசம் ஒரு தடவை புதுக்கோட்டையில இருந்து காரைக்குடிக்கு பஸ் ஏறி, பழைய சாமான் கடை கடையா ஏறி இறங்கிக் கத்துக்கிட்டது இது.

எதுக்குன்னா, அதைச் சொல்லணும்னா முதல்ல இருந்து சொல்லணும். உங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்லையே?

எம்பேரு வைத்திலிங்கம். சர்வேயரா இருந்து ரிட்டயர் ஆனவன். முப்பத்திநாலு வருஷம் சங்கிலி பிடிச்சு அளந்திருக்கேன். நான் வச்ச கல்லை எந்தக் கோர்ட்டும் பிடுங்கினது கிடையாது. மங்கை எனக்கு ஒரே பொண்ணு, மங்கையர்க்கரசி. இங்க திருச்சியில ஆஸ்பத்திரி லேப்ல வேலை. ஏழு வருஷத்துக்கு முன்னாடி ஒரு லீவுக்கு வந்தப்போ, நான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன், அப்பா, கூட வேலை பாக்குற ஒருத்தரை எனக்குப் பிடிச்சிருக்குன்னா. பேரு என்னன்னு கேட்டேன். அமலதாஸ்னா. நான் கையைக் கழுவிட்டேன். வேற சாதி, வேற மதம். ரெண்டுல ஒண்ணு மட்டும்னா யோசிச்சிருப்பேன். இப்ப அப்படிச் சொல்றேன். அப்பவும் யோசிச்சிருக்க மாட்டேன்.

அவங்க கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. அன்னிக்கு நான் என்ன பண்ணினேன்னா, பங்காளி, மாமன் மச்சான் எல்லாரையும் கூப்பிட்டு நடுவீட்டுல சூடம் கொளுத்தி, எரியிற சூடத்தை உள்ளங்கையால அடிச்சு அணைச்சு சத்தியம் பண்ணினேன். ரெண்டு சத்தியம். ஒண்ணு, அவளுக்குப் புதுசா ஒரு குண்டூசி கூட வாங்கித் தர மாட்டேன். ரெண்டு, அவ வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன். இங்க பாருங்க, தழும்பு இன்னும் இருக்கு. சூடத்தைச் சட்டுனு அடிச்சுட்டுக் கையை எடுத்துரணும். நான் ரெண்டு சத்தியத்தையும் முழுசாச் சொல்லி முடிக்கிற வரைக்கும் கையை எடுக்கல. என் சம்சாரம் அழுதுக்கிட்டே மருந்து போட்டா.

அவளும் மூணு வருஷத்துக்கு முன்னாடி போய்ச் சேந்துட்டா. காரியத்துக்கு மங்கை வந்தா. ஓரமா உக்காந்திருந்தா. பதினாறு முடிஞ்சு கெளம்பும்போது, "அப்பா, நேரத்துக்குச் சாப்பிடுங்க"ன்னா. நான் சுவத்தைப் பாத்துக்கிட்டு நின்னேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அவளா போயிட்டா. ஏன் அப்படி நின்னேன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல. சரி, அது எதுக்கு இப்ப, சாமானைப் பத்திப் பேசுவோம்.

அந்த வருஷமே காரைக்குடியில ஒரு கல்யாணம். பந்திக்கு நேரம் இருக்குன்னு பொடிநடையா நடந்தவன் பழைய சாமான் கடைத் தெருவுக்குள்ள போயிட்டேன். ஒரு கடை வாசல்ல முகம் பாக்குற கண்ணாடி ஒண்ணு, தேக்கு மேசையோட. மங்கை சின்னப் பிள்ளையில பீரோ கண்ணாடிக்கு எட்டாம முக்காலி போட்டு ஏறி நின்னு ரிப்பன் கட்டுவா. அந்தக் கண்ணாடியையே பாத்துக்கிட்டு நின்னேன். அப்பதான் மண்டையில உறைச்சது. இது புதுசு இல்லையே.

சத்தியம் என்ன? புதுசா ஒரு குண்டூசி கூட வாங்கித் தர மாட்டேன். பழசைப் பத்தி அதுல ஒரு வார்த்தை கிடையாது. நான் கவர்ன்மெண்டு ஆளு, என்ன எழுதியிருக்கோ அதுதான். அன்னிக்குப் பந்தியில சாப்பிடக்கூட இல்ல, கண்ணாடியை வேன்ல ஏத்திக்கிட்டுத் திருச்சிக்கு வந்துட்டேன்.

கோபம் தீந்துபோச்சான்னு கேக்குறீங்களா? அதெப்படித் தீரும். கோபம் வேற, கண்ணாடி வேற.

அப்புறம் மாசாமாசம் போக ஆரம்பிச்சேன். கடைக்காரர் பேரு பிச்சையப்பன். நான் அவருகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன். இந்தச் சாமான் இருந்த வீட்டுல புருஷனும் பொண்டாட்டியும் நல்லா வாழ்ந்தாங்களா? பொண்ணுக்குக் குடுக்கிற சாமான் பாருங்க, கண்டவங்க வீட்டுதைக் குடுக்க முடியுமா? அதோ நிக்குது பாருங்க, அந்த அலமாரி யாரு வீட்டுதுன்னு கேட்டேன். "பர்மாவுல வியாபாரம் பண்ணின குடும்பம்ங்க, அவுங்க ரெண்டு பேரும் எம்பது வயசு வரைக்கும் ஒரே தட்டுல சாப்பிட்டாங்க"ன்னாரு. மேசையைக் கேட்டேன். "அது அவுங்க தம்பி வீடு. அவுங்களும் அதே மாதிரி." ஊஞ்சல் பலகையைக் கேட்டேன். அந்த வீட்டுல ஐயா காலையில இறந்தாரு, அந்த அம்மா சாயங்காலம் இறந்தாங்களாம். ஒரு மனுசன் எத்தனை வீட்டுக் கதையைத்தான் ஞாபகத்துல வச்சிருப்பாரு! சண்டை போட்டுக்கிட்ட புருஷன் பொண்டாட்டி சாமான் ஒண்ணு கூட அவரு கடைக்கு வந்ததில்ல. வந்தாலும் வாங்க மாட்டாரு போல.

வேன்காரர் செல்லப்பாண்டி வீட்டு வாசலுக்கு நேரா தெருவுல வண்டியை நிறுத்துவாரு. நான் வண்டிக்குள்ளயே உக்காந்திருப்பேன், ஜன்னல் கண்ணாடியை ஏத்தி விட்டுருவேன். அமலதாஸ் வந்து சாமானை இறக்கிக்குவான். அந்த அலமாரி என்ன கனம்! ஒரு நுனியில ஒரு கீறல் விழாம தூக்கிட்டுப் போனான். தூக்கத் தெரியும், அதை நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். அப்புறம் ஒரு டம்ளர்ல டீ கொண்டாந்து ஜன்னல் வழியா நீட்டுவான். "மாமா, டீ." குடிப்பேன். வண்டிக்குள்ள உக்காந்து குடிச்சா அது வண்டியில குடிச்ச டீதானே. டீ மங்கை போட்டது. இஞ்சி தட்டிப் போடுறது அவ அம்மா பழக்கம். மங்கை வாசல்ல நின்னு பாப்பா, நான் எதிர்த்தாப்புல இருக்கிற டிரான்ஸ்பார்மரைப் பாப்பேன்.

இப்படியே மூணு வருஷம் போச்சு. சீர்ல வர்ற சாமான் எல்லாம் வந்துருச்சு, கட்டில் மட்டும்தான் பாக்கி. கட்டிலுக்கு நான் அவசரப்படல. கட்டில் விஷயத்துல ரொம்பப் பாக்கணும். போன மாசம்தான் பிச்சையப்பன் போன் போட்டாரு. தேக்குக் கட்டில், நாலு காலும் கடைசல், தலைமாட்டுல மயில் செதுக்கினது. அதுல படுத்தவங்க சதாபிஷேகம் பாத்தவங்க, ஒம்பது பிள்ளையாம். பாத்ததும் பிடிச்சுப்போச்சு. அடிப்பக்கம் குனிஞ்சு பாத்தேன், ஒரு ஓட்டை இல்ல.

பிச்சையப்பன், "ஆறு பாகமாப் பிரிச்சுத் தர்றேன், கொண்டுபோக லேசா இருக்கும்"னாரு.

"என்ன பேச்சுப் பேசுறீங்க? புருஷன் பொண்டாட்டி படுக்கப்போற கட்டிலைப் பிரிக்கிறதா? சேந்து வாழ்ந்தவங்க கட்டில், சேந்தாப்புலயே போகட்டும்"னேன்.

"இல்லைங்க, வாசல்ல நொழையணும்ல. அவுங்க வீட்டு நெலை எத்தனை அடி?"

தம்பி, தாலுகாவுல யாரு வயக்காடு எத்தனை சென்ட்டுன்னு என்னைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். எம் பொண்ணு வீட்டு வாசல் எத்தனை அடின்னு எனக்குத் தெரியாது. போன் போட்டுக் கேட்டிருக்கலாம். நான் போன் பண்றதில்ல. பேசக்கூடாதுன்னு சத்தியம் பண்ணலதான், ஆனா பேசல. "எல்லாம் நொழையும், ஏத்துங்க"ன்னுட்டேன்.

நொழையல.

அது ஒரு சனிக்கிழமை. கட்டிலைப் பக்கவாட்டுல சாச்சு, தலைமாட்டை முதல்ல உள்ள விட்டாங்க. வெளிய அமலதாஸும் செல்லப்பாண்டியும். உள்ள மங்கை தனியா நின்னு தலைமாட்டைத் திருப்புறா. பாதி போச்சு, அப்புறம் முன்னயும் போகல, பின்னயும் வரல. நடுவுல வாசல் நெலையில மாட்டிக்கிட்டு நிக்குது. நான் வண்டிக்குள்ள இருந்து பாத்தேன், அமலதாஸ் வலதுபக்கம் தள்ளுறான், தள்ள வேண்டியது இடதுபக்கம். எம்புட்டு நேரம்தான் பாத்துக்கிட்டு இருக்கிறது? கண்ணாடியை இறக்கி, "இடதுபக்கம், இடதுபக்கம்"னு கத்தினேன். கேக்கல. இறங்கிப் போய் வாசலுக்கு அஞ்சடி தள்ளி நின்னேன்.

"மாமா, பிரிச்சிரலாம் மாமா"ன்னான்.

"பிரிக்கிற பேச்சே கூடாது. இடதுபக்கம் அழுத்து"ன்னேன். அழுத்தினான்.

உள்ள இருந்து மங்கை "அம்மா!"ன்னு அலறினா.

கட்டில் காலுக்கும் சுவத்துக்கும் நடுவுல அவ கை மாட்டிக்கிச்சு. வெளிய இருந்து இழுத்தா இன்னும் நசுங்கும், உள்ள போய்த்தான் விலக்கணும். அவங்க ரெண்டு பேரும் கட்டிலைத் தாங்கிப் பிடிச்சிருக்காங்க, விட்டா அவ மேலயே சாயும். உள்ள போறதுக்கு நான் ஒருத்தன்தான். பக்கவாட்டுல நிக்கிற கட்டில் நாலரை அடி, நெலை ஆறரை அடி, மேல ரெண்டடி இடைவெளி. வேட்டியை மடிச்சுக் கட்டி, சட்டத்துல கால் வச்சு ஏறி, அந்த ரெண்டடியில நொழைஞ்சு உள்ள குதிச்சேன். அறுபத்தேழு வயசு. சட்டை கிழிஞ்சுது, முழங்கால் தோல் போச்சு, அதெல்லாம் அப்புறம்தான் தெரிஞ்சுது.

ஆனா வாசப்படியை மிதிக்கல. கவனிச்சுக்குங்க. கட்டில் மேலதான் ஏறி வந்தேன்.

கட்டிலைத் தோளால முட்டி விலக்கிக் கையை எடுத்தேன். நடுவிரல் நகம் கறுத்துப்போச்சு. குழாயைத் திறந்து தண்ணியில பிடிச்சுக்கிட்டே நின்னேன். அழுதா. விரல் வலியில அழுறான்னு நெனச்சேன். வலி குறைஞ்சிருச்சான்னு கேட்டேன், குறைஞ்சிருச்சுன்னா. அதுக்கு அப்புறமும் அழுதா. எனக்கு ஒண்ணும் புரியல, தண்ணியை இன்னும் கொஞ்சம் திறந்து விட்டேன்.

அந்த நேரத்துல அமலதாஸ் என்ன பண்ணினான் தெரியுமா? என்னை ஒரு வார்த்தை கேக்கல. சுத்தியலை எடுத்து ஆப்பைத் தட்டி, கட்டிலை ஆறு பாகமாக் கழட்டி, உள் ரூமுக்குக் கொண்டுபோய்த் திரும்ப மாட்டிட்டான். பத்து நிமிஷம். நான் பாத்துக்கிட்டே நின்னேன். சேத்ததுக்கு அப்புறம் போய் ஆட்டிப் பாத்தேன், அசையல. பிரிச்சுச் சேத்ததுல கட்டிலுக்கு ஒண்ணும் ஆகல. கட்டிலுக்குத்தான் சொல்றேன்.

அது உள் ரூமுக்குப் போனதும், அங்க கிடந்த இந்த இரும்புக் கட்டில் ஹாலுக்கு வந்துச்சு. மங்கை சாப்பாடு போட்டா. சாப்பாடு சத்தியத்துல இல்ல, சாப்பிட்டேன். சாயங்காலம் கெளம்பலாம்னு வாசலுக்கு வந்தேன். அப்பதான் சிக்கல் தெரிஞ்சுது. நெலையில இப்ப கட்டில் இல்ல. வெளிய போகணும்னா வாசப்படியை மிதிச்சுத்தான் போகணும்.

என்ன சிரிக்கிறீங்க? தாண்டிப் போகலாமா? மிதிக்காம ஒரே எட்டுல தாண்டிப் போகலாம், அது எனக்குத் தெரியாதா. சத்தியத்துல அப்படிச் சந்து கண்டுபிடிக்கிற ஆளு நான் இல்ல தம்பி. பின்வாசலும் இருக்குதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. பொண்ணு வீட்டுக்கு வந்துட்டுப் பின்வாசல் வழியாப் போறதுக்கு நான் என்ன பால் குடிக்க வந்த பூனையா?

அதனாலதான் இருக்கேன். யாரும் இருங்கன்னு சொல்லல, போங்கன்னும் சொல்லல. சும்மா இருக்கப் பிடிக்காம சின்ன வேலை ஏதாவது பாக்குறேன். அந்த மாதா படம் இருக்கு பாருங்க, அரை இஞ்ச் கோணலா மாட்டியிருந்தான். ரசமட்டம் வச்சு நேராக்கினேன். நான் கொண்டாந்த கண்ணாடி மேசையில அவ அம்மா படத்தை வச்சிருக்கா, முன்னாடி தினமும் ஒரு பூ. எனக்கு அது தெரியாது. மூணு வருஷமா வண்டிக்குள்ள உக்காந்து டீ குடிச்சிருக்கேன், பதினஞ்சு அடி தூரத்துல.

நேத்து ராத்திரி சாப்பாடு போடும்போது, கட்டில் பாக்க நாளைக்கு ஆள் வருதுப்பான்னா. நல்லதுன்னேன். "அப்ப நாளைக்குப் போறீங்களா?"ன்னா. ஆமா, போகணும்லன்னேன். குழம்புச் சட்டியை மூடி எடுத்துட்டுப் போயிட்டா. எனக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு வேணும்னு இருந்துச்சு, கேக்கல. ராத்திரி தூக்கம் வரல தம்பி. வாசப்படிதான் பிரச்சனைன்னு இவ்வளவு நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன். கட்டில் போயிருச்சுன்னா எனக்குப் போறதைத் தவிர வேற வழி இல்லைன்னு நெனச்சப்போதான், எனக்குப் போகவே இஷ்டம் இல்லைன்னு தெரிஞ்சுது. அதைப் போய் யாருகிட்ட சொல்றது? அவகிட்டயா? நானா சொல்லுவேன்?

இருங்க, போன் அடிக்குது. மங்கைதான்.

ம். சொல்லும்மா. வந்துட்டாரு, உக்காந்திருக்காரு. நல்ல மனுசர்தான், ரெண்டு தடவை ஆட்டிப் பாத்தாரு, அளவு எழுதிக்கிட்டாரு. ஏன்? ஏன் வேண்டாம்? ம். ம். நான் சொன்னேன்தான். அதுக்கு? சரி. எங்க? படத்துக்குப் பின்னாடியா? சரி. சரிம்மா. வை.

தம்பி, கட்டில் குடுக்கலையாம். விளம்பரத்தை எடுத்துட்டாளாம். ஏம்மான்னு கேட்டேன். "அப்புறம் நீங்க எதுல படுப்பீங்க?"ன்னு கேக்குறா. சரின்னுட்டேன். ஒரு நிமிஷம் இருங்க, போர்வையைத் திரும்ப விரிச்சுர்றேன். அந்தத் தலகாணியை எடுங்க.

மன்னிச்சுக்குங்க, இந்த வெயில்ல உங்களை அலைய விட்டுட்டோம். பிச்சையப்பன் நம்பர் தர்றேன், எழுதிக்குங்க. வைத்திலிங்கம் அனுப்பினாருன்னு சொல்லுங்க, நல்ல வீட்டுக் கட்டிலாக் குடுப்பாரு. வாங்க, முனையில ஒரு டீக்கடை இருக்குதாம், உங்களுக்கு ஒரு டீ வாங்கித் தந்து அனுப்புறேன். மாதா படத்துக்குப் பின்னாடி இன்னொரு சாவி இருக்கு, இனிமே அதை நீங்க வச்சுக்குங்கப்பான்னா. இந்தா, இருக்கு.

கதவைப் பூட்டிட்டேன். என்ன பாக்குறீங்க? மிதிச்சாச்சு. நடங்க.